பதில் கூப்பிட்ட பெட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. என் கீழ்த் தாடையில் இடது பக்கம் ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. ஏழு திருகாணிகள். குளிர்காலத்தில் வாயைத் திறந்தாலே வலிக்கும். நம்பாதவர்கள் என் கடைக்கு வந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். புல்வெட்டும் இயந்திரமும் மரம் அறுக்கும் ரம்பமும் ரிப்பேர் செய்கிற கடை. மிசூரியின் தெற்கு மலைப்பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து லானி சிஸ்க் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

நடந்ததில் பெரும்பகுதி ஊருக்கே தெரியும். ஷெரீஃபின் கோப்பிலும் இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. அதையும் சேர்த்து இன்று சொல்லிவிடப் போகிறேன்.

2010. மார்ச் 26, வெள்ளிக்கிழமை. மாலை 4:10.

அப்போதுதான் ஆர்வல் ஹாஸ்கெட்டின் வீட்டுக் கதவைத் தட்டினேன். வான்கோழி வேட்டைக்கு அவர் நிலத்தில் அனுமதி கேட்க.

பத்தொன்பது வருடம் நான் ஒரே பண்ணையில் வேட்டையாடியவன். அந்தப் பண்ணையை விற்றுவிட்டார்கள். வாங்கிய நகரத்து ஆள் கேட்டைப் பூட்டிவிட்டான். அரசாங்கக் காட்டுக்குப் போனேன். அங்கே வான்கோழியைவிட வேட்டைக்காரர்கள் அதிகம். அதற்கு முந்தைய வசந்தத்தில் எவனோ ஒரு புத்திசாலி என் தொப்பியைச் சேவலின் தலை என்று நினைத்துச் சுட்டான். மூன்று ரவைகள் தொப்பிக்குள் நின்றன. அதோடு அந்தக் காட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். இரண்டு வருடமாக ஒரு பறவைகூட அடிக்கவில்லை. சிரிக்காதீர்கள். ஏப்ரலில் காடு இல்லாமல் கடையில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஜெயில்.

ஹாஸ்கெட்டின் நிலம் முந்நூறு ஏக்கர். முப்பது வருடமாக அவர் யாரையும் உள்ளே விட்டதில்லை. வேலிக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஊதாப் பட்டை. எங்கள் மாநிலத்தில் கம்பத்திலோ மரத்திலோ ஊதா அடித்திருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம். பலகை வேண்டாம், சட்டமே அதுதான். இங்கே பிறந்தவனுக்கு ஊதாவைப் பார்த்தால் கால் நின்றுவிடும். அந்த மனிதர் இடிந்த கல் மதிலின் கற்களுக்குக்கூட ஊதா அடித்திருந்தார்.

"அந்தக் கெழவன்கிட்டயா போறீங்க?" என்றாள் என் மனைவி நடீன். "தபால்காரனுக்கே கதவு தெறக்காத ஆளு. போற வழியில சவப்பெட்டிக்கு அளவு குடுத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டு, பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட 'பை' என்கிற இனிப்புப் பலகாரம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். அவள் அப்படித்தான்.

நிலம் கேட்கப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. பகலில் போக வேண்டும். துவைத்த சட்டை போட்டிருக்க வேண்டும், வேட்டை உடை கூடாது. வண்டிக்குள்கூடத் துப்பாக்கி இருக்கக் கூடாது. கதவைத் தட்டிவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நிற்க வேண்டும். நான் எல்லாவற்றையும் அப்படியே செய்தேன்.

கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். எழுபத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையில் பழுப்பாக ஏதோ தெறித்துக் காய்ந்திருந்தது. பன்றி அறுத்திருப்பார் என்று நினைத்தேன்.

"யாரு?"

"லானி, ஐயா. சிஸ்க் வீட்டுப் பையன். ரம்பம் ரிப்பேர் கடை."

"என்ன விக்க வந்தே?"

"விக்க வரல ஐயா, கேக்க வந்தேன். ஏப்ரல்ல வான்கோழி சீசன். உங்க எடத்துல ஒரே ஒரு சேவல்..."

"எத்தன பேரு?"

"நான் மட்டும்."

"கையில என்ன?"

"பெக்கான் பை, ஐயா. எங்க வீட்டுல சுட்டது."

"வெச்சிட்டுக் கெளம்பு."

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் பக்கத்தில் அனுமதிக்குக் காசு கொடுக்க மாட்டோம். வேலை செய்து கொடுப்போம். கேட்காமல் வந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

"பதிலுக்கு ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க ஐயா. வேலி, வெறகு, எதுன்னாலும்."

போகத் திரும்பியவர் நின்றார். என் தோளைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"முதுகு நல்லா இருக்கா?"

"கல்லு மாதிரி."

பொய். முந்தைய வருடம்தான் முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது.

"பின்னாடி பழைய கெணறு ஒண்ணு கெடக்கு. கன்னுக்குட்டி விழுந்து செத்துப்போச்சு. நாத்தம் தாங்கல. கல்லப் போட்டு மூடணும். நாளைக்கே."

நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கதவிடுக்கில் நீட்டினார். 'லானி சிஸ்க். வான்கோழி. ஒரு ஆள்.' கீழே கையெழுத்து. முப்பது வருடத்தில் எவனும் வாங்காத தாள்! வண்டியில் உட்கார்ந்து அதை நாலு தடவை படித்தேன். வீட்டில் கிணற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. கல் தூக்கப் போகிறேன் என்றால் நடீன் என்னைக் கட்டிலோடு கட்டிவிடுவாள். வேலிக் கம்பி கட்டப் போகிறேன் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, காலை 9:15.

கையால் வெட்டிய பழைய கிணறு. இருபத்தைந்து அடி ஆழம். எட்டிப் பார்த்தேன். அடியில் மக்கிய வைக்கோலும், அதன்மேல் கொட்டிய சுண்ணாம்பும்தான் தெரிந்தன. கன்று தெரியவில்லை. இன்னொன்று. செத்த கன்றின் நாற்றம் எனக்குத் தெரியும். அந்த நாற்றம் அங்கே இல்லை. கிழவருக்கு மூக்கு ரொம்பக் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

இடிந்த மதிலிலிருந்து கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினேன். ஹாஸ்கெட் விறகுக் கொட்டகை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி.

9:40-க்கு அந்தச் சத்தம் கேட்டது.

கீயொக்... கீயொக்... கீயொக்.

பெட்டை வான்கோழி! மெல்லிய குரல். செடார் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டை இருந்தால் சேவலும் வரும். சட்டைப் பையில் என் சிலேட்டு இருந்தது. உள்ளங்கை அளவு வட்டச் சிலேட்டு. அதில் குச்சியால் தேய்த்தால் பெட்டை கூப்பிடுகிற சத்தம் அப்படியே வரும். எங்கள் பக்கத்து வேட்டைக்காரன் பல் துலக்காமல் வெளியே போனாலும் போவான், சிலேட்டு இல்லாமல் போக மாட்டான்.

மூன்று தடவை தேய்த்தேன்.

உடனே பதில் வந்தது. மூன்று. மறுபடி தேய்த்தேன். மறுபடி மூன்று. இன்னும் வேகமாக. நான் சிரித்துவிட்டேன்.

"என்ன அது?" என்றார் ஹாஸ்கெட். நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

"பெட்டை, ஐயா. பக்கத்துலதான் இருக்கா. ரொம்ப ஏங்கிப் போயிருக்கா போல."

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்பச் சீக்கிரம் முடி," என்றார். "அவ தூங்கட்டும்."

நான் கல் போட்டேன். நடுநடுவே பெட்டை கூப்பிட்டது. நானும் பதில் கொடுத்தேன். 11:20-க்கு அது நின்றுவிட்டது. மதியம் ஒரு மணிக்குக் கிணறு பாதி நிறைந்திருந்தது. மிச்சத்தை டிராக்டர் வைத்துத் தானே மூடிக்கொள்வதாகச் சொன்னார். மேலே ஒரு தகரத்தை இழுத்துப் போட்டார். அன்றிரவு நடீன் என் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வேலிக் கம்பியைத் திட்டினாள்.

ஏப்ரல் 19, திங்கட்கிழமை. சீசனின் முதல் நாள்.

என் வண்டி ரிப்பேர். நடீனின் தம்பி டூயி தன் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் விட்டான். காலை 5:05. இருட்டு. ஹாஸ்கெட்டின் வேலியோரம் சாலையில் நிறுத்தினான்.

"நானும் வரட்டா மச்சான்? ஓரமா நின்னுக்கறேன்."

"ஒரு ஆள்னு எழுதிக் குடுத்திருக்கார்டா."

"சரி சாமி. நான் இங்கயே நாய் மாதிரிப் படுத்துக் கெடக்கேன். ஒரு மணிக்கு வந்துடுவேல்ல?"

அந்த வருடம் மதியம் ஒரு மணியோடு வேட்டையை நிறுத்த வேண்டும். அதற்குமேல் பறவையைக் கூப்பிட்டாலே குற்றம்.

"ஒரு மணின்னா ஒரு மணி."

"அதான பாத்தேன். ஒரு நிமிஷம் கூடிட்டா உனக்குக் கை நடுங்குமே!" என்று சிரித்துவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

5:22. ஊதாக் கம்பங்களைத் தாண்டி உள்ளே போனேன்.

ஒன்பது நாளாக மழை இல்லை. தரை காய்ந்து கிடந்தது. காலடியில் இலை நொறுங்கியது. நூறு அடி போனதும் பாதை நடுவில் ஒரு கல் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊதாப் பட்டை அடித்த கல்.

ஈரமாக இருந்தது.

தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

இன்னும் இருபது அடியில் இன்னொரு கல். அதுவும் ஈரம். பிறகு இன்னொன்று... வழி நெடுக. யாரோ எடுத்து வந்து வரிசையாக வைத்த மாதிரி. கிழவருக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன். எனக்குத் தைரியம் தேவைப்பட்டது.

5:50. பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

6:04. மேட்டு மரத்திலிருந்து சேவல் கத்தியது. குளுகுளுகுளுவென்று காடே அதிர்ந்தது. இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன். கண் கலங்கிவிட்டது. சிலேட்டை எடுத்து மூன்று தடவை தேய்த்தேன்.

சேவல் பதில் சொல்லவில்லை.

வேறு ஒன்று சொன்னது.

கீயொக்... கீயொக்... கீயொக்.

கிணற்றுப் பக்கமிருந்து. என் தாளத்திலேயே. நான் எங்கே இழுத்தேனோ அங்கே இழுத்து, எங்கே நிறுத்தினேனோ அங்கே நிறுத்தி.

சேவல் வாயடைத்துவிட்டது. காக்கைகளும் நின்றன. சின்னக் குருவிகூடக் கத்தவில்லை. என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

6:11. மறுபடி மூன்று. இப்போது பக்கத்தில்.

6:13. இன்னும் பக்கத்தில். ஆனால் இலை நொறுங்கும் சத்தமே கேட்கவில்லை.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன்.

இருபது அடியில், ஒரு செடார் மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வேட்டை உடை. முகத்தில் துணி முகமூடி. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, நாங்கள் எல்லோரும் அதைப் போடுவோம். எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பது வருடத்தில் முதல் ஆளாக அனுமதி வாங்கியிருக்கிறேன், இவன் யார்?

"ஏய்! இங்க எனக்குத்தான் பர்மிஷன்."

அவன் கையில் சிலேட்டு இருந்தது. குச்சி ஆடியது. மூன்று தடவை.

நான் அந்தத் தாளை எடுத்து நீட்டிக் காட்டினேன். "பாரு. ஹாஸ்கெட் கையெழுத்து. உன்னோடது எங்க?"

எழுந்தான்.

விடியல் வெளிச்சம் அவன் மேல் விழுந்தது. முகமூடி நனைந்திருந்தது. மூக்கு வரை சரியாக இருந்தது. அதற்குக் கீழே... துணி உள்ளே போயிருந்தது. தாடை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

துப்பாக்கியைத் தூக்கினேன்.

முதல் கல் என் இடது கையில் விழுந்தது. விரல் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. துப்பாக்கி நழுவியது. அவன் கையை ஓங்கவே இல்லை. கற்கள் தாமாகத் தரையிலிருந்து கிளம்பின. தோளில் ஒன்று. விலாவில் ஒன்று. நான் அலறினேன்.

அலறலின் நடுவில் அடுத்த கல் தாடையில் விழுந்தது.

வாய் முழுக்க ரத்தம். அதோடு அலறல் நின்றுவிட்டது.

பிறகு என் சட்டைக் காலரை ஏதோ பிடித்தது. இழுத்தது. மண், வேர், முள்... கையை ஊன்றினேன். நகம் பிய்ந்தது. அது நிற்கவில்லை. தகரம் கிரீச்சென்று விலகியது.

விழுந்தேன்.

6:31. கைக்கடிகாரத்தின் பச்சை முள் தெரிந்தது. பன்னிரண்டு அடிப் பள்ளம். என் முதுகுக்குக் கீழே நான் போட்ட கற்கள். கால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. மேலே தகரம் தானாக மூடியது. ஒரு சாண் இடைவெளி மட்டும் இருந்தது.

டூயி என்று கத்தினேன். கொளகொளவென்று ரத்தம்தான் வந்தது. இரண்டு பல் விழுந்தன. தாடை தனியாகத் தொங்கியது.

இங்கே நான் கிடப்பது யாருக்கும் தெரியாது. கத்த முடியாது. ஏற முடியாது. டூயி ஊதாக் கம்பத்தைத் தாண்ட மாட்டான். செத்துவிடுவேன் என்று புரிந்தது.

சட்டைப் பையைத் தடவினேன். சிலேட்டு உடையாமல் இருந்தது. குச்சியைக் காணவில்லை. கற்களுக்கு நடுவே வலது கையை விட்டுத் துழாவினேன்.

உள்ளே... ஆழத்தில்... என் உள்ளங்கையில் ஒரு குச்சி.

தட்டுப்படவில்லை. வைக்கப்பட்டது.

குளிர்ந்த விரல்கள் என் விரல்களை மடக்கி மூடிவிட்டன.

எவ்வளவு நேரம் உறைந்து கிடந்தேன் என்று தெரியாது. சாகப் போகிறவனுக்கு அருவருப்பு கிடையாது. சிலேட்டை முழங்கால்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். மூன்று.

என் முதுகுக்குக் கீழே, கல்லுக்கு அடியிலிருந்து, மூன்று.

8:50. தூரத்தில் சாலைப் பக்கமிருந்து ஒரு பதில். டூயி! பறவையைக் கூப்பிட அவன் வைத்திருக்கும் மரப்பெட்டிக் கருவியின் சத்தம் எனக்குத் தெரியும். வெறி பிடித்த மாதிரித் தேய்த்தேன். அவனும் திருப்பிக் கூப்பிட்டான். வேகமாகத் தேய்த்தேன். அவனும் வேகமாகக் கூப்பிட்டான்.

பெட்டை என்று நினைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கட்டாயம் சிரித்திருப்பான்.

நான் அழுதேன். ஏனோ நான் அந்தச் சனிக்கிழமை சிரித்தது நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

10:40. தகரம் விலகியது. ஹாஸ்கெட்டின் முகம். கையில் துப்பாக்கி.

"அட, நீயா? அடச்ச வாய் மறுபடியும் கத்துதேன்னு வந்தேன்."

என் தாடையைப் பார்த்தார். கல் குவியலைப் பார்த்தார்.

"உனக்கு எடம் குடுத்தேன்ல? காட்டோட நிக்காம, கெணத்துல உனக்கு என்னடா வேல?"

துப்பாக்கிக் குழாயை என் முகத்துக்கு நேராக இறக்கினார்.

என் முதுகுக்குக் கீழே கூப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

கீயொக்... கீயொக்... கீயொக்.

இப்போது அவருக்குப் பின்னால்.

கிழவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. திரும்பினார். சுட்டார். ஒரே வெடி. பிறகு ஓடினார். வீடு நூறு அடி தூரம்தான். கதவு சாத்துவது கேட்டது. தாழ்ப்பாள் கேட்டது.

10:52. ஒரு அலறல். பாதியில் அறுந்தது.

பிறகு மரத்தரையில் கல் விழுகிற சத்தம். ஒவ்வொன்றாக... நிதானமாக... வெகு நேரம்.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. ஒரு மணி. கீழேயிருந்து பதில் வரவில்லை. நான் மட்டும்தான்.

1:25.

"மச்சான்! எங்க இருக்கே? ஏய் லானி!"

டூயியின் குரல். தலைக்கு மேலே. அவன் எட்டிப் பார்த்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு அவன் ஊர் முழுக்கச் சொன்னது இதுதான்: "காலையில கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு, ஏதோ பெட்டைன்னு நெனச்சேன். பதினொண்ணு வாக்குல ஒரு வெடி. ஆஹா, மச்சான் அடிச்சிட்டார்னு இருந்தேன். ஒரு மணிக்கு ஆளு வரல. அப்பத்தான் ஒறச்சுது. ஒரு பெட்டை ஏழு மணி நேரமா ஒரே எடத்துல மூணு மூணாக் கூப்பிடுமா? அப்ப அது மச்சான்தான். ஆனா எங்க மச்சான் தல போனாலும் ஒரு மணிக்கு மேல சிலேட்டைத் தொட மாட்டார். தொடறார்னா தல போகப் போவுதுன்னு அர்த்தம்."

ஆறு வாரம் என் வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஷெரீஃப் மருத்துவமனைக்கு வந்தார். கேள்விக்கு நான் தாளில் எழுதிப் பதில் சொன்னேன்.

ஹாஸ்கெட் சமையலறை நாற்காலியில் செத்துக் கிடந்தாராம். எல்லாக் கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. கீழ்த் தாடை இல்லை. தொண்டை வரை கல் திணித்திருந்தது. தரை முழுக்க ஊதாக் கற்கள், எல்லாம் ஈரம். கோப்பில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்கள். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

"கெணத்தைத் தோண்டினோம்," என்றார் ஷெரீஃப். "கீழ ஒருத்தன் கெடந்தான், லானி. மார்ட்டின் கோபெக்கியாம். செயின்ட் லூயிஸ்காரன். சீசனுக்கு முன்னாடி பறவ எங்க இருக்குன்னு பாக்க வந்திருக்கான். டவுன்காரன் பாவம், ஊதாப் பட்டைன்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது. மார்ச் 25 அன்னிக்கிக் கெழவன் சுட்டுக் கெணத்துல தள்ளியிருக்கான். தாடையே போயிடுச்சு. கத்தக்கூட முடியாது. வலது கையில சிலேட்டு இருந்துச்சு. தேஞ்சு குழி விழுந்திருந்துச்சு. குச்சியத்தான் காணோம்."

குச்சி என் படுக்கைக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது நடீன் கண்டெடுத்தாள். முனையில் இரண்டு எழுத்து சுட்டுப் பொறித்திருந்தது. எம். கே. நான் அதன்மேல் கைக்குட்டையை இழுத்துப் போட்டேன்.

'எப்ப செத்தான்?' என்று எழுதினேன்.

"சுட்டதுல சாகல. ரெண்டு நாள் உசுரோட இருந்திருக்கான். பெரிய கல்லு ஒண்ணு தலையில விழுந்திருக்கு. ஊதா அடிச்ச கல்லு. கெழவன் ஒண்டியா அத எப்படித்தான் தூக்கினானோ. பையனோட கைக்கடிகாரமும் அதுலயே ஒடஞ்சு நின்னுபோச்சு. சனிக்கிழம, இருபத்தேழு, பதினொண்ணு இருபது."

நான் தலையாட்டினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். மதிலின் மூலைக் கல். தள்ளுவண்டியில் ஏறவில்லை. பத்து நிமிடம் உருட்டிக்கொண்டு வந்தேன். விளிம்பில் ஏற்றும்போது முதுகு இரண்டாகப் பிளந்தது. ஹாஸ்கெட் நாற்காலியிலிருந்து, "அப்படித்தான், தள்ளு," என்றார். தள்ளினேன்.

அது விழுந்ததோடு பெட்டையின் சத்தம் நின்றது. நான் சிலேட்டை எடுத்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

பதில் வரவில்லை.

அடுத்த கல்லை எடுத்தேன்.